ராக் இசைக்கு இன்னும் மவுசு இருக்கிறதா? வடசென்னையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகில் கிதார் பையை மாட்டிக்கொண்டு தண்டையார்பேட்டையில் நடந்தால் யாராவது ஏதாவது கேட்பார்கள். டீக்கடையில், மெட்ரோவில், கச்சேரி முடிந்து ஒயர் சுற்றிக்கொண்டிருக்கும்போது. நான் ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் கிதார் வாசிப்பவன், ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சிலும் வாசிப்பேன், வீட்டில் ஹெட்போனில் ஓடுவது பெரும்பாலும் ராக். அதனால் பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, மொத்தமாக எழுதிவிட்டேன்.

ராக் செத்துப்போச்சா, இல்லையா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

சாகவில்லை. முதலிடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் ஆளாளுக்குச் செத்துப்போச்சு என்கிறார்கள்?

சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் 2017-ல் நீல்சன் கம்பெனி எடுத்த கணக்கில், ஹிப்ஹாப்பும் (ராப் பாட்டெல்லாம் இதில்தான் வரும்) ஆர் அண்ட் பியும் சேர்ந்த பிரிவு முதல்முறையாக ராக்கை முந்தியது. அடுத்த வருடம் மே மாதம் கிப்சன் கிதார் கம்பெனி திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. இரண்டையும் முடிச்சுப் போட்டு "கிதாரே விற்கவில்லை, கதை முடிந்தது" என்று எழுதித் தள்ளினார்கள். கிப்சனைக் கவிழ்த்தது கிதார் இல்லை. ஃபிலிப்ஸின் ஆடியோ வியாபாரத்தையெல்லாம் கடன் வாங்கி வாங்கிப்போட்டு, அந்தக் கடன் கழுத்தைப் பிடித்தது. 2020-ல் ஊரடங்கு வந்தபோது வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் கிதார் வாங்கிய வேகத்தில் ஃபெண்டர் கம்பெனிக்கு அதுவரை இல்லாத விற்பனை.

ஆனால் ராக் பின்னால் போனது உண்மை, அதற்கு நான் சொல்லும் காரணம் வேறு: காசு. ஒரு பேண்ட் என்றால் நாலு பேர், டிரம்ஸ் செட், கிதார் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் இரண்டு, பிராக்டிஸுக்கு இடம், எல்லாவற்றையும் ஏற்றிப்போக ஒரு குட்டியானை வண்டி. ராப் பாட்டுக்கு ஒரு லேப்டாப், ஒரு மைக், எழுதத் தெரிந்த ஒரு பையன். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் எது நடக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். கிடைக்கிற சம்பளத்தை நாலாகப் பிரிப்பதற்கும் ஒருத்தரே எடுத்துக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம் அமெரிக்காக்காரனுக்கும் தெரியும்.

ராக் என்று எதைச் சொல்கிறீர்கள்? நீளமாக முடி வளர்த்துக் கத்துவதையா?

முடி அவரவர் விருப்பம். சத்தத்தைப் பற்றிச் சொல்கிறேன். தேர்தல் நேரத்தில் ஆட்டோ மேல் கட்டிய குழாய் ஸ்பீக்கரைக் கேட்டிருப்பீர்கள், தாங்குவதற்கு மேல் வால்யூம் வைத்தால் குரல் கிழியும். ஸ்பீக்கரோ ஆம்போ தாங்காமல் போகும்போது ஒலி அலையின் மேல்முனையும் கீழ்முனையும் வெட்டுப்பட்டு, மூல ஸ்வரத்தோடு புதிதாகப் பல மேல்ஸ்வரங்கள் ஒட்டிக்கொள்ளும். அதைக் கோளாறு என்று சரிசெய்யாமல், வேண்டுமென்றே கிதாருக்கு வைத்துக்கொண்டதுதான் டிஸ்டார்ஷன். கிங்க்ஸ் பேண்டின் டேவ் டேவிஸ் 1964-ல் ஆம்பின் ஸ்பீக்கர் அட்டையையே பிளேடால் கீறிவிட்டு வாசித்தார். இப்போது அதற்குக் காலால் மிதிக்கிற பெடல் இருக்கிறது.

டிஸ்டார்ஷனில் முழு கார்டு, அதாவது மூன்று நாலு ஸ்வரத்தை ஒரே நேரத்தில் சேர்த்து, வாசித்தால் கலங்கிப்போய்க் குழம்பும். அதனால் ஸ-வும் ப-வும் மட்டும் சேர்த்து அடிப்பார்கள், பவர் கார்டு என்று பெயர். நம்ம தம்புராவில் ஓடுகிற அதே ஸ-ப-தான், இங்கே மட்டும் அது நெஞ்சில் இடிக்கும். அதோடு நாலு எண்ணிக்கையில் இரண்டிலும் நாலிலும் ஸ்நேர் டிரம் அடி. இவ்வளவும் சேர்ந்தால் எனக்கு அது ராக். மீதி எல்லாம் ஜிகினா.

வடசென்னைக்கும் ராக்குக்கும் என்ன சம்பந்தம்? இங்கே கானாதானே?

இந்தக் கேள்வியை அதிகமாகக் கேட்பது தெற்கே இருக்கிறவர்கள். கிதார் என்றால் அடையாறு, பெசன்ட் நகர் என்று ஒரு நினைப்பு.

ராயபுரம் ஸ்டேஷனில் முதல் ரயில் கிளம்பியது 1856-ல். ரயில் வந்த கையோடு பெரம்பூரில் ஒர்க்‌ஷாப், அதில் டிரைவர், ஃபோர்மேன், கார்டு என்று ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் சனிக்கிழமை டான்ஸ் நடந்த காலத்தைப் பற்றிப் பேச இன்னும் சில பெரியவர்கள் மிச்சம் இருக்கிறார்கள். கிதாரும் டிரம்ஸும் இந்தப் பக்கம் வந்தது அந்த ஹால்கள் வழியாக. சுதந்திரத்துக்குப் பிறகு பாதிப் பேர் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று கப்பல் ஏறிவிட்டார்கள், வாத்தியம் வாசிக்கும் பழக்கம் அக்கம்பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. (சம்பந்தம் கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: 1967-ல் இங்கிலாந்து பட்டியலில் பீட்டில்ஸை முதலிடத்துக்கு வர விடாமல் தடுத்த பாடகர் எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க், 1936-ல் இதே மதராஸில் பிறந்தவர்.)

இரண்டாவது வழி சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட். 1985-ல் எரிந்துபோகும் வரை பழைய இசைத்தட்டுகள் அங்கேதான் குவிந்து கிடக்கும். அதற்கப்புறம் பர்மா பஜார்: முதலில் கேசட், பிறகு சிடி. அட்டையில் ஒரு பேண்டின் படம், உள்ளே வேறு பேண்டின் பாட்டு. இப்படி ஏமாந்தே நல்ல நல்ல பேண்டுகளைத் தெரிந்துகொண்ட ஒரு தலைமுறை இருக்கிறது.

மூன்றாவது வழியைப் பற்றித் தனியாகவே ஒரு கேள்வி வரும், அங்கே சொல்கிறேன்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வாத்தியம் வந்தது, ஒலி வந்தது, அந்த இசையோடு வந்த சூடு இங்கே வந்து சேரவில்லை. பிளாக் சப்பாத் என்கிற பேண்டின் கதையைப் பாருங்கள். பர்மிங்காமில் ஆஸ்டன் என்கிற தொழிற்சாலைப் பகுதிப் பையன்கள். கிதாரிஸ்ட் டோனி அயோமி பதினேழு வயதில் இரும்புத்தகடு வெட்டும் ஆலையில் வேலை செய்தபோது, வலது கையில் இரண்டு விரல் நுனிகளை மெஷின் எடுத்துக்கொண்டது, அதுவும் வேலையை விட்டு நிற்கிற கடைசி நாளில். அவர் இடதுகைக்காரர், ஸ்வரம் பிடிக்கிற கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார், வலிக்காமல் இருக்கக் கம்பியைத் தளர்த்தினார், சுருதி இறங்கியது, அந்த இறங்கின சுருதியில்தான் ஹெவி மெட்டல் என்று இன்று சொல்கிற கனத்த ஒலி ஊறியது. பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் இளவயதில் ஆடுமாடு அறுக்கிற கூடத்தில் வேலை பார்த்தவர். புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போன எவனுக்கும் இந்த வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை. பின்னி மில், மணலி, எண்ணூர் என்று இருந்த ஊருக்கு அந்த இசை அச்சாகப் பொருந்தியிருக்க வேண்டும்.

பொருந்தவில்லை. ஏன் என்றால் சென்னையில் ராக் ஆங்கிலம் பேசுகிற காலேஜ் பிள்ளைகளின் சொத்தாக இருந்தது. ஐஐடியின் சாரங் விழா மேடை, தெற்கே சில ஹால்கள், ஆங்கிலத்தில் பாட்டு, ஆங்கிலத்தில் அறிவிப்பு. மில் தொழிலாளி வீட்டுக் கோபம் ஒன்று இந்த ஊரிலேயே இருக்க, மேடையில் இருந்தவர்கள் வேறு ஊர்க் கோபத்தைப் பாடிக்கொண்டிருந்தார்கள். நல்ல பேண்டுகள் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை, 2006-ல் தொடங்கிய ஸ்க்ராட் எல்லாம் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் அந்தப் பெயர் தெரியாது.

சர்ச்சில் டிரம்ஸ், கிதார் வைத்துப் பாடுகிறார்களே, அதுவும் ராக்தானா?

கேட்பவருக்கு ஆராதனை, வாசிப்பவனுக்குப் பயிற்சிக்கூடம். இதுதான் நான் மேலே விட்டுவைத்த மூன்றாவது வழி. வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும் பெந்தெகொஸ்தே சபைகளைப் பாருங்கள், ஓட்டுவீட்டில் நடக்கிற சபையில்கூட ஒரு டிரம்ஸ் செட், ஒரு கீபோர்டு, ஒரு கிதார் இருக்கும். பன்னிரண்டு வயதுப் பையன் வாராவாரம் மைக்கும் ஆம்பும் போட்டு ஆட்கள் முன்னால் வாசிக்கிறான், ஃபீஸ் கிடையாது. பாடுகிறவர் திடீரென்று சுருதியை ஏற்றுவார், அவன் கூடவே ஏற வேண்டும். எந்த மியூசிக் கிளாஸிலும் இந்தப் பயிற்சி கிடையாது. சென்னையில் இன்றைக்கு மேடையிலும் ஸ்டூடியோவிலும் வாசிக்கிற கிதாரிஸ்டுகளை விசாரித்துப் பாருங்கள், நிறையப் பேர் சபையில் தொடங்கியவர்களாக இருப்பார்கள்.

எங்கள் பாஸ்டருக்கு டிஸ்டார்ஷன் பெடல் பிடிக்காது. துதிப்பாட்டு உச்சத்துக்குப் போகும்போது மட்டும் கண்டுகொள்ள மாட்டார்.

கானாவும் ராக்கும் ஒன்றுதான் என்று ஒரு பேச்சு இருக்கிறதே?

ஒன்றில்லை. கானாவுக்கு வாத்தியமே வேண்டாம், டேபிளும் தீப்பெட்டியும் போதும். வார்த்தைதான் அதற்கு உயிர், தாளம் அதன் பின்னால் ஓடும். ராக்கில் ஒலிதான் முதலில், பாட்டு வரி புரியாமலே வருடக்கணக்கில் கேட்டவர்கள் இருக்கிறோம். சாவு வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து செத்தவரைப் பற்றியே பாடுகிற கலைக்கு ராக்கில் ஈடு கிடையாது.

ஆனால் இரண்டும் ஒரே மேடையில் நின்றால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 2017-ல் தொடங்கிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்கிற இசைக்குழு, 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல்முறை மேடை ஏறியது. கானாப் பாடகர்கள், ராப் பாடுகிறவர்கள், ராக் கிதார், டிரம்ஸ், கூடவே சாவுக்கு வாசிக்கிற சட்டியும் கட்டமோளமும். அயோத்திதாசர் சொன்ன சாதியற்ற தமிழர் என்பதிலிருந்து பெயரை எடுத்தார்கள். பாட்டில் இடஒதுக்கீடு, மாட்டுக்கறி, ஆணவக்கொலை. சட்டி அடி வரும்போது பின்னால் பேஸும் கிதாரும் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நிற்கும், சட்டியின் சத்தம் மெல்லிசாகாமல் அது தாங்கும். பேஸ் வாசிக்கிறவன் என்பதால் என் காது அங்கேயேதான் போகும்.

"ராக் இன்னும் முக்கியமா" என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது அதைத்தான். பர்மிங்காமில் அயோமி செய்த வேலையை, அதாவது தன் தெருவின் கோபத்துக்கு ஒரு கனத்த ஒலி கொடுப்பதை, தமிழில் செய்ய இவ்வளவு வருடம் ஆனது. அதுவும் ராக் என்ற பெயரைத் தூக்கிப் பிடிக்காமல் நடந்தது. பெயர் போனால் போகட்டும்.

ராக்கில் பெண்களே இல்லையே?

யார் சொன்னது? எலெக்ட்ரிக் கிதாரை ராக் பாணியில் முதலில் வாசித்தவர்களில் ஒருவர் சிஸ்டர் ரோசெட்டா தார்ப் என்கிற கறுப்பினப் பெண்மணி, சர்ச் பாட்டுப் பாடியவர். எல்விஸுக்கெல்லாம் முன்னோடி. லிங்கின் பார்க் பேண்டின் பாடகர் செஸ்டர் பென்னிங்டன் 2017-ல் இறந்தபிறகு, 2024-ல் அந்த இடத்துக்கு வந்திருப்பது எமிலி ஆம்ஸ்ட்ராங். இங்கே, ஆண்களே பாடிவந்த கானாவை மேடையில் பாடிக்காட்டிய இசைவாணி ராயபுரத்துக்காரர், காஸ்ட்லெஸ் கலெக்டிவில் பாடியவர், 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் வந்தார். பெண் கிதாரிஸ்ட் எங்கள் ஆர்கெஸ்ட்ரா வட்டத்தில் இன்னும் அபூர்வம்தான். ராத்திரி ஒரு மணிக்குக் கச்சேரி முடிந்து வீட்டுக்கு எப்படிப் போவது என்பதில்தான் பாதிச் சிக்கல்.

சினிமாப் பாட்டில் ராக் இருக்கிறதா?

இல்லாத படத்தைக் காட்டுங்கள். இளையராஜா கிதார் கற்றுக்கொண்டு வந்தவர், அவர் பாட்டுகளின் பேஸ் லைனை மட்டும் தனியாக வாசித்தாலே ஒரு கச்சேரி நடத்தலாம். ஏ.ஆர். ரஹ்மான் சினிமாவுக்கு முன்னால் சென்னையில் நெமெசிஸ் அவென்யூ என்கிற ராக் குழுவில் இருந்தவர், சிவமணியோடு ரூட்ஸ் குழுவில் கீபோர்டு வாசித்தவர். இன்றைக்கு ஹீரோ நடந்து வரும்போது அனிருத் போடுகிற பின்னணியில் டிஸ்டார்ஷன் கிதார் கேட்கவில்லை என்றால் தியேட்டரில் விசிலே வராது. ராக் கேட்கவே மாட்டேன் என்று சொல்கிற ரசிகர் முதல் நாள் முதல் காட்சியில் எழுந்து ஆடுவது அதற்குத்தான். எனக்கு ஒரே வருத்தம், அங்கே கிதார் ஹீரோவுக்கு வாசிக்கிறது. தனக்காக வாசிப்பதில்லை.

மாமா, நான் நிர்வானா டி-ஷர்ட் போட்டிருக்கேனே, நானும் ராக் ரசிகன்தானே?

அக்கா பையன் கேட்டது. எம்.சி. ரோட்டில் துணி எடுக்கப் போனபோது ஹேங்கரில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது: கண்ணுக்குப் பதிலாகப் பெருக்கல் குறி போட்ட மஞ்சள் சிரிப்பு முகம் (அதுதான் நிர்வானா பேண்டின் அடையாளம்), ரோலிங் ஸ்டோன்ஸின் நாக்கு, பக்கத்திலேயே ஒரு நடிகர் படம். கடைக்கார அண்ணனிடம் இது என்ன என்று கேட்டேன், "ஃபாஸ்ட் மூவிங் தம்பி" என்றார். பதிலில் குறை சொல்ல முடியாது.

போட்டுக்கொள் ராஜா, யாரும் பரீட்சை வைக்கப்போவதில்லை. மூன்று பாட்டுப் பெயர் சொல்லு பார்ப்போம் என்று மடக்குகிறவர்களைவிட அந்த டி-ஷர்ட் எவ்வளவோ மேல்.

புதிதாக ஒன்றுமே வரவில்லையே, பழைய பேண்டுகளைத்தானே எல்லோரும் கேட்கிறார்கள்?

பாதி உண்மை. 2022-ல் ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடரில் வந்ததால், மெட்டாலிகா 1986-ல் போட்ட ஒரு பாட்டு முதல்முறையாக அமெரிக்காவின் முதல் நூறு பட்டியலுக்குள் நுழைந்தது. ஜான் லென்னன் 1970-களில் வீட்டு டேப்பில் பாடிவைத்த ஒரு பாட்டில், பியானோவிலிருந்து குரலைக் கம்ப்யூட்டர் பிரித்துக் கொடுக்க, 2023 நவம்பரில் பீட்டில்ஸ் பாட்டாக வெளிவந்து இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது, 2025-ல் கிராமியும் வாங்கியது. குழுவில் இரண்டு பேர் உயிரோடு இல்லை. இதைப் பார்த்து ராக் வாழ்கிறது என்று சந்தோஷப்படுவதா, புதுப் பேண்டுகளுக்கு இடமே இல்லை என்று கவலைப்படுவதா? நான் கவலைப்படுகிற கட்சி. பெரிய கம்பெனிகளுக்குப் புது ஆளைத் தேடுவதைவிடப் பழைய பாட்டின் உரிமையை வாங்கிப்போடுவது லாபம், அதைத்தான் செய்கிறார்கள்.

2025 ஜூலை 5-ஆம் தேதி பிளாக் சப்பாத் தங்கள் சொந்தப் பேட்டையான ஆஸ்டனில், வில்லா பார்க் மைதானத்தில், கடைசிக் கச்சேரி செய்தார்கள். ஆஸி நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். அதே மாதம் 22-ஆம் தேதி இறந்துபோனார். அந்த வாரம் முழுக்க என் போனில் ஸ்டேட்டஸ் வைத்தவர்களில் இருபது வயதுப் பையன்களும் இருந்தார்கள், அது எனக்கே ஆச்சரியம்.

கோல்ட்ப்ளே அகமதாபாத் போகிறார்கள், சென்னைக்கு ஏன் பெரிய பேண்டுகள் வருவதில்லை?

2025 ஜனவரியில் அகமதாபாத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடினார்கள். அயர்ன் மெய்டன் 2007-லும் மெட்டாலிகா 2011-லும் வந்தது பெங்களூருக்கு. நம்மிடம் அவ்வளவு பெரிய மைதானம் இல்லை, அவ்வளவு டிக்கெட் விலை கொடுக்கிற கூட்டம் சினிமா இசையமைப்பாளர் கச்சேரிக்குத்தான் போகும். பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, காலையில் ஏறினால் மதியம் பெங்களூர்.

இப்போது பிள்ளைகள் எல்லாம் ராப் பக்கம் போய்விட்டார்களே, உங்களுக்குக் கோபம் இல்லையா?

எதற்குக் கோபம்? ராக்கும் ராப்பும் இரண்டுமே கறுப்பின மக்கள் உண்டாக்கியவை. ராக் வெள்ளைக்காரன் கைக்குப் போய் மைதானம் நிரம்பியபிறகு அதன் அப்பன் பெயரையே மறந்தார்கள். ராப் அந்த அளவுக்கு மறக்க விடவில்லை. எங்கள் ஏரியாப் பையன் போலீஸ் பிடித்துப்போன கதையை, வேலைக்கு முகவரி சொன்னதும் முகம் மாறுகிற ஆபீஸரை, தன் பேச்சிலேயே எழுதிப் பாடுகிறான். ராக் செய்ய வேண்டிய வேலை, செய்யாமல் விட்டது. அந்தப் பையன்கள் மேடை ஏறும்போது டிராக்கை ஓடவிடாமல் ஒரு பேண்டை நிறுத்தினால் கூட்டம் இரண்டு மடங்கு குதிக்கிறது, அதை நேரில் பார்த்தே சொல்கிறேன். எனக்கும் ஒரு சம்பளம் கிடைக்கும்.

பையனுக்குக் கிதார் வாங்க வேண்டும், எதை வாங்கலாம்?

முதலிலேயே எலெக்ட்ரிக் வேண்டாம், ஆம்போடு சேர்த்துச் செலவு இழுக்கும். சாதாரண அகூஸ்டிக், ஐந்தாறு ஆயிரத்துக்குள் போதும். வாங்கும்போது பன்னிரண்டாவது ஃப்ரெட் (கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) பக்கத்தில் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். அதிகமாக இருந்தால் பிள்ளைக்கு விரல் வலித்து இரண்டே வாரத்தில் பரணுக்குப் போய்விடும். முதல் மாதம் விரல் நுனி எரியும், தோல் தடித்ததும் சரியாகிவிடும்.

அண்ணா, நாங்கள் நாலு பேர் பேண்ட் ஆரம்பிக்கிறோம். பிராக்டிஸுக்கு இடம் எங்கே?

வடசென்னையில் நிஜமான பிரச்சினை இதுதான், திறமை ஒரு பிரச்சினையே இல்லை. மணிக்கணக்கில் வாடகை வாங்குகிற ஜாம் ரூம்கள் பெரும்பாலும் தெற்கே, போய்வருகிற ஆட்டோ காசுக்கே கச்சேரி சம்பளம் சரியாகிவிடும். வார நாட்களில் சபை ஹால் காலியாக இருந்தால் கேட்டுப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை வாசித்துக் கொடுக்கிறோம் என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். கல்யாண மண்டபம் முகூர்த்தம் இல்லாத ஆடி, மார்கழியில் சும்மா கிடக்கும், வாட்ச்மேனோடு பழகி வையுங்கள். டிரம்ஸ் வாங்க வசதியில்லை என்றால் சட்டி வாசிக்கிற ஒரு பையனைச் சேர்த்துக்கொள்ளுங்கள், உங்கள் பேண்ட் மற்ற எல்லா பேண்டையும்விட நன்றாகவே இருக்கும். ஆங்கிலப் பாட்டுகளை வாசித்துப் பழகுங்கள், மேடையில் தமிழில் பாடுங்கள். ஒன்றுமே கிடைக்காமல் மொட்டைமாடிதான் என்றால் ராத்திரி ஒன்பதோடு நிறுத்திவிடுங்கள், மார்ச் மாதம் வேண்டவே வேண்டாம், எதிர்வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கும்.